குழாய்க்காரருக்கு வந்த சோதனை

அந்தப் பகுதியில் யார் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். பெயரெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. குழாய்க்காரர் என்றால் போதும். பொங்கி வழியும் கழிவுத் தொட்டி, எலி செத்துக் கிடக்கும் குழாய், வருடக்கணக்கில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சிங்க் என்று எதற்கும் அவர் முகம் சுளித்ததில்லை. வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பார்கள். இவர் குனிந்து, முழங்கை வரை கையை விட்டு, "ஆள் சிக்கிட்டான்" என்று ஒரு பொம்மைக் காலையோ பல் துலக்கும் பிரஷ்ஷையோ வெளியே இழுத்துக் காட்டுவார்.

"கூச்சப்பட்டா இந்தத் தொழில்ல காலம் தள்ள முடியுமா?" என்பார்.

ஆனால் தன் உடம்பு என்று வந்துவிட்டால் அவரைப் போலக் கூச்சக்காரர் கிடையாது. டாக்டரிடம் சட்டையைக் கழற்றச் சொன்னால் இரண்டு பித்தானோடு நிறுத்திவிடுவார். வீட்டில் கழிப்பறைக்குப் போனால் குழாயைத் திறந்து விட்டுவிட்டுத்தான் உட்காருவார், வெளியே சத்தம் கேட்கக் கூடாதாம். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. "எனக்கு என்னமோ நீங்க சாப்பிட்டதெல்லாம் ஆவியா போயிடுதுன்னு நெனப்பா?" என்று அவர் மனைவி கேட்பாள். அவள் சலவைக் கடையில் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். பேச்சிலும் மடிப்புக் கலையாதவள்.

மனைவியின் தங்கை இதற்கு நேர் எதிர். அந்தப் பகுதி மருத்துவ நிலையத்தில் சுகாதாரப் பணியாளர். வீடு வீடாகப் போய் வாய், மார்பு, கருப்பை, குடல் என்று காய்கறி விலை பேசுவது போலச் சத்தமாகப் பேசுவாள். அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தால், அக்கா கணவர் முதல் கவளத்தை எடுக்கும்போது, "மாமா, காலைல ஒழுங்கா போச்சா?" என்று கேட்பாள். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அவளுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

அந்த வருடம் சமூகக் கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் மூன்று நாள் முகாம். முதல் நாள் காலையில் கொழுந்தியாளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, கூடத்துச் சமையல்கட்டுல குழாய் பிச்சுக்கிட்டு அடிக்குது. டாக்டருங்க கை கழுவத் தண்ணி இல்ல. போட்டது போட்டபடி ஓடி வாங்க."

ஓடினார். வெடித்த இணைப்பை வெட்டி எறிந்து புதியதைப் பொருத்தி முடித்துவிட்டு, ஈரக் காலோடும் கருவிப் பையோடும் கூடத்துக்குள் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு பக்கம் ரத்த அழுத்தம் பார்க்க வரிசை. இன்னொரு பக்கம் ஒருவர் 'ஆ' என்று வாயைத் திறந்திருக்க, பல் டாக்டர் டார்ச் அடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக வெளியே பெண்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கும் பெரிய வண்டி தெரிந்தது. ஆனால் அவரை நிறுத்தியது நடுக்கூடத்தில் கிடந்த ரோஜா நிறப் பலூன். பஸ் நீளத்துக்கு ஒரு சுரங்கம், காற்றடித்து நிற்க வைத்தது. ஒரு முனையில் பிள்ளைகள் நுழைந்து மறுமுனையில் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

பாதாளச் சாக்கடை மாதிரியோ என்று நினைத்தார். தொழில் ஆர்வம் விடவில்லை. பையோடு குனிந்து உள்ளே நுழைந்தார்.

உள்ளே சுவரெல்லாம் மடிப்பு மடிப்பாக, நரம்பு ஓடுவது போலச் சிவப்புக் கோடுகள். கொஞ்ச தூரத்தில் சுவரில் பட்டாணி அளவுக்கு ஒரு புடைப்பு. இன்னும் கொஞ்சம் போனால் காளான் போலத் தண்டோடு ஒன்று. பக்கத்தில், 'இந்த நிலையில் எடுத்துவிட்டால் சுலபம்' என்று எழுதியிருந்தது. வளைவு திரும்பியதும் கை முட்டி அளவுக்குக் கறுத்துப்போன ஒரு கட்டி பாதையைப் பாதி மறித்துக்கொண்டிருந்தது. அதைத் தட்டிப் பார்த்தார். குழாயில் பிசுக்கு பிடிப்பதும் இப்படித்தான். ஓரிடத்தில் கொஞ்சமாக ஒட்டி, கேட்பாரில்லாமல் வளர்ந்து, ஒருநாள் வழியையே அடைத்துவிடும்.

வெளியே தலை நீட்டியபோது கொழுந்தியாள் எதிரே நின்றாள்.

"எப்படி மாமா இருக்கு லைன்?"

"யாரு போட்டது? ஒரே வளைவும் சுளிவுமா இருக்கு."

"எல்லார் வயித்துலயும் இதே டிசைன்தான். பெருங்குடல். உங்களுக்கு அம்பது தாண்டிடுச்சுல்ல?"

"அதுக்கு என்ன இப்ப?"

அவர் கையில் ஒரு உறையைத் திணித்தாள். உள்ளே விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி, மூடியோடு ஒட்டிய சின்னக் குச்சி. "நாளைக்குக் காலைல போகும்போது இந்தக் குச்சியால நாலஞ்சு இடத்துல தொட்டுட்டு, உள்ள விட்டு மூடிடுங்க. அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஏதாவது கலந்திருக்கான்னு மெஷின் சொல்லிடும்."

"மெதுவா பேசேன்." அவருக்குக் காது மடல் வரை சுட்டது. பின்னால் அவருக்கு வேலை கொடுக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எதுக்கு மெதுவா? ஊரோடது எல்லாத்தையும் கையால அள்ளுறீங்க. உங்களோடதை ஒரு குச்சியால தொட மாட்டீங்களா?"

கூடமே சிரித்தது. அவளுடைய வாயை அடைக்க வேறு வழியில்லாமல் உறையை வாங்கிக் கருவிப் பையின் அடியில் போட்டுக்கொண்டு, விட்டால் போதும் என்று நடையைக் கட்டினார்.

வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் அக்காவும் தங்கையும் அதற்குள் போனில் பேசியிருந்தார்கள். சாப்பாடு பரிமாறும்போது மனைவி கேட்டாள், "குப்பி எங்க?"

"எந்தக் குப்பி?"

"காதுல பூ சுத்தாதீங்க."

"எனக்கு என்ன கேடு வந்துச்சு? வலி உண்டா, எரிச்சல் உண்டா? கல்லைத் தின்னாலும் செரிக்குது."

"ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தான் இந்தச் சோதனையாம். வலி, ரத்தம்னு இருக்கறவங்க நேரா டாக்டர்கிட்ட போயிடணுமாம்."

"நல்லா இருக்கு கதை. ஒழுகாத குழாய்க்கு எவனாவது ஆளைக் கூப்பிடுவானா?"

"ஒழுகுறதுக்கு முன்னாடியே கூப்பிட்டிருந்தா செவுரை உடைச்சிருக்க வேண்டாமேன்னு வீடு வீடா சொல்லிட்டு வர்றது யாரு?"

அவர் குழம்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை குழாய் வழக்கத்தைவிட வேகமாகவும் வெகுநேரமும் ஓடியது. கதவைத் திறந்து வந்தவர் முகத்தில் ஒரு சண்டையை முடித்துவிட்டு வந்த களை. மனைவி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். குப்பியைக் காகிதத்தில் சுற்றி, பையின் அடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். போகிற வழியில் முகாமில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

வழியிலேயே கணக்கு டீச்சர் போனில் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். "தம்பி, சிங்க் பொங்கி சமையலறை எல்லாம் தண்ணி. என்னால நிக்க முடியல, வழுக்குது." வண்டியைத் திருப்பினார்.

சிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தவர், "டீச்சர், பையில வெள்ளை டேப் ஒரு ரோல் இருக்கும், எடுத்துக் குடுங்களேன்" என்றார்.

டீச்சர் பையைத் துழாவினார். ஸ்பேனர், பசை, ரப்பர் வளையங்கள். அடியில் ஏதோ காகிதப் பொட்டலம் ஈரத்தில் நைந்து பிரிந்து கிடந்தது.

"தம்பி, இது என்ன குப்பி? புது மாதிரி பசையா? உங்க பேரெல்லாம் ஒட்டியிருக்கே."

அவர் எழுந்த வேகத்தில் தலை சிங்கில் மோதி 'டங்' என்றது. "டீச்சர், அதை வைங்க! தொடாதீங்க!"

"ஐயோ, விஷமா?"

"விஷம் இல்ல டீச்சர். அது வந்து... அது என்னோடது."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு லேபிளைப் படித்தார். பிறகு குப்பியை மிகுந்த மரியாதையோடு பைக்குள் திரும்ப வைத்தார். "கை கழுவிட்டு வரேன்" என்று குழாயைத் திருகினார். வரவில்லை.

"மெயினை மூடியிருக்கேன் டீச்சர்" என்றார் அவர் சிங்குக்கு அடியிலிருந்து, அழாத குறையாக.

டீச்சர்தான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழாய்க்காரருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து முடித்ததும் டீச்சர் எழுந்து உள்ளே போய், அதே போன்ற ஓர் உறையோடு வந்தார். பிரிக்காத உறை.

"போன முகாம்ல வாங்கினது. பீரோல துணிக்கு அடியில வச்சதுதான். அதுல எழுதியிருக்கறது எனக்குப் புரியாம இல்ல. ஆனா இதைக் கொண்டு போய் அந்தப் பொண்ணு கையில குடுக்கணுமே. அவளுக்குப் பின்னம் சொல்லிக் குடுத்தவ நான். எப்படிக் குடுப்பேன்?"

"அவ என் கொழுந்தியா டீச்சர். எனக்கு மட்டும் எப்படி இருக்கும், சொல்லுங்க?"

 அவர் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தேதி தாண்டிப் போயிருந்தது.

"இது ஆகாது. வாங்க, என் வண்டிலயே போயிடலாம். நான் என்னோடதைக் குடுக்கறேன், நீங்க புதுசு வாங்கிக்கங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் துணை."

போனார்கள். தன் அக்கா கணவரும் தன் பழைய டீச்சரும் சேர்ந்தாற்போல் வந்து மேசைக்கு முன்னால் குற்றவாளிகள் போல நிற்பதைப் பார்த்தபோது, கொழுந்தியாள் முதல்முறையாக வாயைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டாள். குப்பியை வாங்கி வைத்தாள். டீச்சருக்குப் புது உறையைக் கொடுக்கும்போது மட்டும், "பயப்படாதீங்க டீச்சர், இதுக்கு மார்க் கிடையாது" என்றாள்.

மறுநாள் டீச்சரின் குப்பியையும் குழாய்க்காரரே போய் வாங்கி வந்து சேர்த்தார். இந்த முறை காகிதத்துக்கு மேல் பிளாஸ்டிக் பையும் சுற்றியிருந்தது.

சில வாரங்கள் கழித்து டீச்சர் போன் செய்தார். "தம்பி, நான் பாஸ்!" குரலில் அப்படியொரு துள்ளல். குழாய்க்காரருக்கும் சந்தோஷமாக இருந்தது. தனக்கும் இன்றோ நாளையோ அதே பதில்தான் வரப்போகிறது என்று இருந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் கொழுந்தியாள் நேரில் வந்தாள். வந்தவள் கிண்டல் எதுவும் செய்யாமல், காட்டிய நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததுமே அவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, உங்க குப்பில ரத்தம் தெரிஞ்சிருக்கு."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ரத்தம்னா உடனே கேன்சர்னு அர்த்தம் இல்ல. மூலமா இருக்கலாம். உள்ள சின்னதா சதை வளர்ந்திருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். ஆனா கேமரா விட்டுப் பார்த்துடணும்."

"எது வழியா?" என்று கேட்டார்.

அவள் அவரையே பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் கண் கலங்கிவிட்டது. கையில் இருந்த அடுப்படித் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மூலமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று போன வீட்டில் தோட்டத்துக்கு அடியில் எங்கோ குழாய் அடைத்திருந்தது. நீளக் கம்பியின் நுனியில் கேமரா வைத்த கருவி ஒன்று அவரிடம் உண்டு. அதை இறக்கிவிட்டுச் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டே போவார். வீட்டுக்கார அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு, "பெரிய பிரச்சினையா இருக்குமோ? தோட்டத்தையே தோண்டணுமோ?" என்று கேட்டாள். வாய் தானாக வழக்கமான பதிலைச் சொன்னது: "பார்க்காமலே பயந்தா எப்படிம்மா? உள்ள விட்டுப் பார்த்துட்டா தெரிஞ்சுடப் போகுது."

சொன்ன பிறகுதான் அது தன் காதில் விழுந்தது. வேலையை முடித்துவிட்டு வண்டியில் உட்கார்ந்து அதையே தனக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அடுத்தவருக்குச் சொன்ன அளவுக்குத் தைரியமாக வரவில்லை. இருந்தாலும் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "தேதி வாங்கச் சொல்லு உன் தங்கச்சிய" என்றார்.

கேமராவுக்கு முந்தைய நாள் குடலைக் கழுவ வேண்டும். ஒரு மருந்தைத் தண்ணீரில் கலந்து டம்ளர் டம்ளராகக் குடிக்க வேண்டும். அதன் பிறகு கழிப்பறையே கதி. காலையிலேயே மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னைக்கு நீங்க குடியிருக்கப் போறதே உள்ளதான். அந்த ஃபிளஷ் தொட்டிய இன்னைக்காவது பாருங்களேன். வாளி வாளியா ஊத்தி என் தோள்பட்டை கழண்டு போச்சு."

ஊருக்கெல்லாம் குழாய் பார்க்கிறவர் வீட்டில் ஃபிளஷ் பழுதாகி எத்தனையோ காலமாகியிருந்தது. மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். இழுத்தார். தண்ணீர் சுழன்றுகொண்டு இறங்கியது.

"இவ்வளவுதானா?" என்றாள் மனைவி. "இதுக்கா இத்தனை வருஷம் என்னை வாளி தூக்க வச்சீங்க?"

"மருந்தைக் கலக்கு" என்றார் அவர், பேச்சை மாற்றி.

மருந்து உப்பும் புளிப்புமாக, கடல் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருந்தது. இரண்டாவது டம்ளருக்குப் பிறகு ஆரம்பித்தது. வருவதும் போவதுமாக இருந்தவர் ஒரு கட்டத்தில் வருவதையே விட்டுவிட்டார். மனைவி ஒரு முக்காலியை இழுத்துக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்து, மடிக்க வேண்டிய துணியை மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே குழாய் சோவென்று ஓடியது.

"அந்தக் குழாயை மூடுங்க. தண்ணிதான் வீணாகுது. எனக்குத் தெரியாத சத்தமா?"

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு குழாய் நின்றது.

அவர்கள் அப்படிக் கதவுக்கு இரண்டு பக்கமுமாக உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சலவைக் கடை முதலாளியின் தொப்பை, டீச்சர் சிரித்த சிரிப்பு, முதன்முதலில் குடியிருந்த ஒற்றை அறை என்று எங்கெங்கோ பேச்சு போனது. நடுவில் உள்ளேயிருந்து அவர் கேட்டார்.

"ஆமா, முகாம்ல வெளிய ஒரு வண்டி நின்னுச்சே, மார்பு எக்ஸ்ரே எடுக்கற வண்டி. நீ போனியா?"

துணி மடிக்கும் சத்தம் நின்றது.

"கூட்டமா இருந்துச்சு."

"கூட்டமா, பயமா?"

"ரெண்டும்தான்."

"எனக்கு மட்டும் வாய் கிழிய உபதேசம் பண்ணின."

"நீங்க முதல்ல உங்க வேலைய முடிச்சுட்டு வெளிய வாங்க. அப்புறம் என்னைப் பார்க்கலாம்."

"அடுத்த முகாமுக்கு நீ போற. நானே கூட்டிட்டுப் போறேன்."

"சரி" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில், முதுகுப் பக்கம் திறந்த அங்கியை மாட்டிக்கொண்டு அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. இரண்டு கையாலும் பின்னால் பிடித்துக்கொண்டே சுவரோரமாக நடந்து போய்ப் படுத்தார். டாக்டர் இளம் பெண். மயக்கம் வேண்டுமா, லேசாகத் தூக்கம் வருகிற ஊசி போதுமா என்று கேட்டாள். அவருக்கு எதிரே திரை தெரிந்தது.

"பார்த்துக்கிட்டே இருக்கலாமா டாக்டரம்மா?"

"தாராளமா."

லேசான ஊசியே போதும் என்றுவிட்டார். முதலில் வயிறு உப்பியது போல ஒரு சங்கடம். பிறகு திரையில் ரோஜா நிறச் சுரங்கம் விரிந்ததும் கூச்சமெல்லாம் எங்கோ போய்விட்டது. மடிப்புகள், வளைவுகள், நரம்புக் கோடுகள். கேமரா ஒரு முனையில் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

"அந்த வளைவுல எப்படித் திருப்பினீங்க? என்னோடது அங்க முட்டிக்கிட்டு நின்னுடும்."

"உங்களோடதா?"

"நான் பிளம்பர். சாக்கடைக்குள்ள விடற கேமரா என்கிட்டயும் இருக்கு."

டாக்டர் முகமூடிக்குள் சிரித்தாள். கைப்பிடியில் இருந்த சக்கரத்தைக் காட்டினாள். "இதைத் திருகினா நுனி மட்டும் நாலு பக்கமும் வளையும். உங்களோடது கெட்டியான குழாய், தள்ளினா தாங்கும். இது தாங்காது. அதனால கெஞ்சிக் கெஞ்சித்தான் போகணும்."

கெஞ்சிக் கெஞ்சியே போனார்கள். திரும்பி வருகிற வழியில் டாக்டர் பேச்சை நிறுத்தினாள். ஒரு மடிப்புக்குப் பின்னால் சின்னக் காளான் ஒன்று தண்டோடு தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"இதோ, இதான் ரத்தம் விட்டிருக்கு. பாலிப்னு சொல்வோம். குடல் சுவர்ல வளர்ற சதை."

 பலூனுக்குள் இதே காளானைத்தான் பார்த்தார். அங்கே வளைவு தாண்டியதும் அந்தக் கறுத்த கட்டி இருந்தது. திரையில் நூல் போல ஒரு கம்பிச் சுருக்கு வந்தது. காளானின் கழுத்தில் விழுந்தது, இறுகியது. காளான் தனியாக விழுந்தது.

"வலிச்சுதா?"

"இல்லையே. எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. பக்கத்துல குட்டி ஒண்ணு இருக்கு, அதையும் எடுத்துடறேன். ரெண்டையும் லேப்புக்கு அனுப்பணும். பார்வைக்கு மோசமா தெரியல. ஆனா அவங்க சொல்லணும்."

அந்தப் பதிலுக்குக் காத்திருந்த நாட்கள்தான் கடினமாக இருந்தன. வேலைக்குப் போனார், வந்தார். மனைவி சட்டைகளை மடிப்பு மாற்றி இஸ்திரி போட்டுக் கடையில் பேச்சு வாங்கினாள். கொழுந்தியாள் தினமும் வந்தாள். வந்து, ஒரு நகைச்சுவையும் சொல்லாமல் டீ குடித்துவிட்டுப் போனாள். "அவ இப்படி அடக்கமா இருந்தா எனக்குப் பயமா இருக்கு, ஏதாவது கேவலமா பேசச் சொல்லு" என்றார் அவர் மனைவியிடம்.

கடைசியில் டாக்டர் கூப்பிட்டாள். இருவரும் போய் எதிரே உட்கார்ந்தார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"கேன்சர் இல்ல. ஆனா பெருசு இருக்கே, அது விட்டிருந்தா சில வருஷத்துல கேன்சரா மாறக்கூடிய வகை. இப்ப வேரோட வந்துடுச்சு. மூணு வருஷம் கழிச்சு ஒரு தடவை வந்து காட்டுங்க. அது போதும்."

"வயித்துல பாலை வார்த்தீங்கம்மா" என்றாள் மனைவி. அவர் எழுந்து, டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

வெளியே வந்ததும் பசி எடுத்தது. சில வாரங்களாக மறந்திருந்த பசி. ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்து, கொண்டு வந்து வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். மனைவி தன் தட்டையும் அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய உணவோடு டீச்சருக்குப் போன் செய்தார்.

"அப்ப நீங்களும் பாஸ்தான் தம்பி" என்றார் டீச்சர். "ஒரு சின்னத் திருத்தத்தோட."

அடுத்த முகாம் வந்தபோது கொழுந்தியாள் பழைய வாயோடு வந்தாள். ஆண்கள் உறையை வாங்கிக்கொண்டு போய் வாசல் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறார்களாம். "நான் சொன்னா ஓடறாங்க மாமா. நீங்க பலூன் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உட்காருங்க. ஒண்ணும் பேச வேண்டாம், உட்கார்ந்தா போதும்."

உட்கார்ந்தார். பேசாமல் இருக்கவும் முடியவில்லை. மீசையை முறுக்கிவிட்ட லாரி டிரைவர் ஒருவர் பலூனிலிருந்து வெளியே வந்து, நீட்டிய உறையைப் பார்த்துப் பின்வாங்கினார்.

"இதெல்லாம் நமக்கு எதுக்குண்ணே? அசிங்கம் புடிச்ச வேலை."

"அசிங்கம்னா என்னன்னு என்கிட்ட கேளு. உன் வீட்டுத் தொட்டிய ரெண்டு தடவை காலி பண்ணவன் நான்" என்றார் குழாய்க்காரர். "எனக்கு உள்ள ஒண்ணு இருந்துச்சு. வலிக்கல, ஒண்ணும் தெரியல. இந்தக் குப்பிதான் காட்டிக் குடுத்துச்சு. எடுத்துட்டாங்க. இதோ உட்கார்ந்திருக்கேன்."

டிரைவர் அவரை மேலிருந்து கீழே பார்த்தார். "கேமரா விட்டாங்களாமே. அது...?"

"அந்த அங்கிதான் கொடுமை. மத்தது ஒண்ணுமில்ல."

டிரைவர் உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பித்தானும் போட்டுக்கொண்டு போனார். அன்று குப்பைத் தொட்டியில் உறைகள் குறைவாகத்தான் கிடந்தன.

பதினோரு மணி வாக்கில் மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். "என் பேரைக் கூப்பிடப் போறாங்க" என்றாள்.  அவர் நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு அவளோடு வெளியே போனார். எக்ஸ்ரே வண்டியின் படியில் ஏறும்போது அவள் தன் கைப்பையை அவரிடம் நீட்டினாள். "உள்ள கொண்டு போகக் கூடாதாம். புடிங்க." கதவு சாத்திக்கொண்டது.

திரும்பிப் பார்த்தார். சுவரோரத்து நிழலில் இன்னும் நாலைந்து கணவன்மார்கள், ஆளுக்கொரு கைப்பையோடு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்றில் பாசி மணி, ஒன்றில் ஜிகினா. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவரும் போய் வரிசையில் நின்றார்.

"ரொம்ப நேரம் ஆகுமா?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர், வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆகாதுன்னுதான் சொன்னாங்க."

"எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"எல்லாருக்கும் அப்படித்தான். நிழல்ல தள்ளி நில்லுங்க" என்றார் அவர், மனைவியின் கைப்பைக்குள் கையை விட்டபடி.

கொஞ்ச நேரத்தில் மனைவி படியிறங்கி வந்தாள். மேல் பித்தானைச் சரிசெய்துகொண்டே வந்தவள் முகத்தில் களைப்பும் சிரிப்பும் கலந்திருந்தது.

"என்ன பண்ணாங்க?"

"ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு நசுக்கினாங்க. அவ்வளவுதான். பதில் போன்ல சொல்வாங்களாம்."

"வலிச்சுதா?"

"கொஞ்சம். பல்லைக் கடிச்சேன், முடிஞ்சுடுச்சு. இதுக்குப் போயா இத்தனை நாள் பயந்தேன்னு இருக்கு." பையை வாங்கித் திறந்தவள், உள்ளே கையை விட்டுத் துழாவினாள். "ஏங்க, இதுல ஒரு பிஸ்கட் பொட்டலம் வச்சிருந்தேனே?"

அவர் வரிசையைப் பார்த்தார். கைப்பைகளோடு நின்றிருந்த கணவன்மார்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் அவசரமாக மென்று விழுங்கினார்.